மேடைக்கு வராத மனிதர்

ஒரு வீட்டின் முன்கூடத்தில் நெருங்கிய நண்பர்கள் சிலர் இராப்போசனத்தின் பின்னர் கூடியிருக்கின்றனர். வெளியே புயலில்லை, மழையில்லை, கதவைத் தட்டும் கள்வனுமில்லை. துப்பறியும் நிபுணர் எவரும் மேலங்கியும் சுருட்டுமாக வந்து சேரவில்லை. ஆயினும், அன்றிரவு முடிவதற்குள் அந்த நட்பு சுக்குநூறாகிவிடுகிறது. இத்தனைக்கும் காரணம் ஒரு சிகரெட் பெட்டி!

பிரீஸ்ட்லி என்னும் ஆங்கில எழுத்தாளர் தனித்து எழுதிய முதல் நாடகம் இவ்வாறுதான் தொடங்குகிறது. ‘டேஞ்சரஸ் கோர்னர்’ என்பது அதன் பெயர். தமிழில் ‘ஆபத்தான வளைவு’ எனலாம். 1932ஆம் ஆண்டு லண்டன் லிரிக் அரங்கில் அது முதன்முதலாக மேடையேறியது. மர்ம நாடகங்களைப் படிக்கும் மாணவர்களும், மேடையிலிருந்து திரைக்குச் சென்ற கதைகளில் ஆர்வமுள்ள வாசகர்களும் அவசியம் அறிந்திருக்க வேண்டிய நாடகம் அது. ஆகவே, கதையைச் சிறிது விரித்தே சொல்லுவோம்.

திரை உயரும்போது மேடை இருண்டிருக்கிறது. பெண்கள் சிலர் அவ்விருளில் அமர்ந்து வானொலி நாடகமொன்றின் முடிவைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். துப்பாக்கி வெடிக்கிறது, ஒரு பெண் அலறுகிறாள், வானொலி நாடகம் முடிகிறது, விளக்கு எரிகிறது. ஆண்களும் வந்து சேருகின்றனர். ரொபர்ட் என்பவரும் அவர் மனைவி பிரீடாவும் விருந்தளிப்பவர்கள். ரொபர்ட், பிரீடாவின் தம்பி கோர்டன், ஸ்டான்டன் ஆகிய மூவரும் ஒரே புத்தகப் பதிப்பகத்தின் இயக்குநர்கள். கோர்டனின் இளம் மனைவி பெட்டி. ஒல்வென் என்னும் பெண்ணும் அதே நிறுவனத்தைச் சேர்ந்தவள். விருந்துக்கு வந்திருக்கும் நாவலாசிரியை ஒருவர், இத்தனை இணக்கமான சிறு வட்டத்தைத் தாம் கண்டதில்லை என்று வியக்கிறார். ஒரேயொரு குறை: ரொபர்ட்டின் தம்பி மார்ட்டின் ஓராண்டின் முன்னர் துப்பாக்கியால் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்துவிட்டான்.

பிரீடா சிகரெட் பெட்டியை எடுத்து நீட்டுகிறாள். திறந்தால் இசைக்கும் பெட்டி அது. ஒல்வென் அதைக் கண்டதும், “இதை மார்ட்டினிடம் பார்த்திருக்கிறேனே” என்கிறாள். பிரீடாவோ, அப்படிப் பார்த்திருக்கவே முடியாது என்கிறாள். அவ்வளவுதான். ஏன் பார்த்திருக்க முடியாது? அப்பெட்டி மார்ட்டினின் கைக்குப் போனது அவன் இறந்த அன்று! அப்படியானால் அதைக் கொடுத்தது யார்? அன்று அவன் வீட்டுக்குப் போனவர் யார் யார்? இவ்விரு பெண்களும் ஓராண்டாக அதை ஏன் மறைத்தனர்? ரொபர்ட் நல்லவர், அதனாலேயே விடாப்பிடியானவர். உண்மை முழுவதும் வெளிவந்தேயாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார்.

நமது சிலப்பதிகாரத்திலே பாண்டியன் அவையில் சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்தபோது வழக்கு ஒரு நொடியில் தீர்ந்தது. பொருள் பேசினால் மனிதர் வாயடைத்துப் போவர் என்பது பழைய முறை. பிரீஸ்ட்லியின் நாடகத்தில் பொருள் ஒன்று பேசியதும் மனிதர் அனைவரும் பேசத் தொடங்குகின்றனர். பதிப்பகத்தில் காணாமற்போன 500 பவுணை எடுத்தவர் யார், எந்தக் கணவர் எந்த மனைவிக்கு உண்மையாக இருக்கவில்லை, யார் யாரை மௌனமாக நேசித்தார் என்பன ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்படுகின்றன. ஒருவர் குற்றத்தை மற்றவர் மீது சந்தேகித்து, அந்த மற்றவரைக் காப்பாற்றுவதற்காகவே பொய் சொன்னவர்களும் அவர்களுள் உண்டு. எனவே பொய்யெல்லாம் கெட்டதென்றோ மெய்யெல்லாம் நல்லதென்றோ பார்ப்பவர் தீர்ப்புக் கூறிவிட்டு எழுந்து போக முடிவதில்லை.

மார்ட்டின் எப்படி இறந்தான் என்பதை நாம் இங்கே சொல்லப்போவதில்லை. தொண்ணூறு ஆண்டு கடந்த நாடகமாயினும் மர்மம் மர்மமே. நூல் நிலையத்தில் தேடிப் படிப்பவரின் இன்பத்தைக் கெடுப்பது ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று. முடிவின் அமைப்பை மட்டும் குறிப்பிடலாம். மனமுடைந்த ரொபர்ட் வெளியேறுகிறார், இருள், துப்பாக்கி வெடி, அலறல். விளக்கு எரியும்போது நாம் மீண்டும் முதற் காட்சிக்கே வந்திருக்கிறோம். அதே பெண்கள், அதே பேச்சு, அதே பெட்டி. ஆனால் இம்முறை, பேச்சு ஆபத்தான இடத்தை நெருங்கும் வேளையில், கோர்டன் திருகிக்கொண்டிருந்த வானொலியில் நடன இசை கிடைத்துவிடுகிறது! அனைவரும் ஆடத் தொடங்க, வினா அப்படியே காற்றோடு போய்விடுகிறது. உண்மை பேசுவது வண்டியை வேகமாக ஓட்டி வளைவொன்றைக் கடப்பது போன்றது என நாடகத்தில் ஸ்டான்டன் ஓரிடத்தில் சொல்லுவதிலிருந்தே பெயர் பிறந்தது. முதன்முறை வண்டி குடை சாய்ந்தது. இரண்டாம் முறை தப்பியது.

லண்டன் விமர்சகர்கள் முதலில் இதைக் கைவிட்டனர். சில நாள்களிலேயே நிறுத்தப்படவிருந்த நாடகத்தைப் பிரீஸ்ட்லி தம் கைப்பணத்தைப் போட்டுத் தொடரச் செய்தார். பின்னர் ஆறு மாதம் ஓடியது. 1934இல் அமெரிக்காவின் ஆர்.கே.ஓ. நிறுவனம் பில் ரோசன் இயக்கத்தில் இதைப் படமாக்கிற்று. வேர்ஜினியா புரூஸ், கொன்ராட் நேகல், மெல்வின் டக்லஸ் ஆகியோர் நடித்தனர். ஒரு மணிக்குச் சற்று மேற்பட்ட சிறிய படம்.

இங்கேதான் நாம் நின்று கவனிக்க வேண்டிய விடயம் இருக்கிறது. மேடையில் மார்ட்டின் தோன்றுவதே இல்லை. ஏழு பேர் மேடையில் இருக்கின்றனர். எட்டாமவன் அவர்கள் வார்த்தையில் மட்டுமே உயிர்வாழ்கிறான். ரொபர்ட்டுக்கு அவன் அருமைத் தம்பி. பிரீடாவுக்கு அவன் வேறொருவன். கோர்டனுக்கு அவன் ஏறக்குறையத் தெய்வம். ஒல்வென் கண்ட மார்ட்டினோ அஞ்சத்தக்கவன். இவர்களுள் எவரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு மார்ட்டினைச் சபையோருக்குக் கொடுக்கின்றனர்; சபையோர் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு மார்ட்டினைக் கட்டிக்கொள்கின்றனர். படத்திலே மார்ட்டின் வந்துவிடுகிறான். இயன் கீத் என்ற நடிகரின் முகமும் குரலும் அவனுக்கு வாய்த்துவிடுகின்றன. அந்த முகம் பிடித்தால் ஒரு விதமாகவும் பிடிக்காவிட்டால் இன்னொரு விதமாகவும் நாம் தீர்ப்பளித்துவிடுகிறோம். ‘மேடை நல்லது, சினிமா கெட்டது’ என்று சொல்ல நாம் வரவில்லை. ஆனால், இல்லாதவரைக் கொண்டுவந்து நிறுத்துவதென்பது சிறிய மாற்றமன்று.

இவ்வுண்மையை இன்னும் தெளிவாகக் காட்டுவது அதே ஆசிரியரின் ‘அன் இன்ஸ்பெக்டர் கோல்ஸ்’. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த 1945இல் சோவியத் நாட்டில் முதலில் மேடையேறி, 1946இல் லண்டனுக்கு வந்த நாடகம் அது. நம் நாட்டிலும் ஆங்கிலம் படித்த பல தலைமுறையினருக்கு அறிமுகமானது. 1912ஆம் ஆண்டின் ஓரிரவில், செல்வந்தர் பேர்லிங்கின் வீட்டில் மகளின் திருமண நிச்சய விருந்து. இன்ஸ்பெக்டர் ஒருவர் வருகிறார். ஏழைப் பெண்ணொருத்தி நஞ்சருந்தி இறந்துவிட்டாள் என்கிறார். வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் ஒவ்வொரு காலத்தில் அப்பெண்ணை ஒரு படி கீழே தள்ளியவர்கள் எனத் தெரிய வருகிறது.

இன்ஸ்பெக்டரிடம் ஒரு நிழற்படம் இருக்கிறது. அதை அவர் ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே காட்டுகிறார். மற்றவர் எட்டிப் பார்க்கவும் விடுவதில்லை. சபையிலுள்ள நாமும் அதைக் காண்பதில்லை. இது வெறும் பொலிஸ் வழக்கமென்றே முதலில் தோன்றும். மூன்றாம் அங்கத்திலேதான் அதன் சூட்சுமம் விளங்குகிறது. மகளை மணக்கவிருக்கும் ஜெரால்ட், “காட்டப்பட்டது ஒரே பெண்ணின் படந்தானா?” என்று கேட்கிறான். எவராலும் பதில் சொல்ல முடியவில்லை. வெவ்வேறு பெண்களாக இருந்தால் குற்றம் சிதறிப் போகும். ஒருத்தி சாவதற்கு ஐவரும் சேர்ந்து காரணமாக இருந்தனர் என்ற பெரும் பாரம் நீங்கும். பெரியவர் இருவரும் அச்சந்தேகத்தைத் தெப்பமாகப் பற்றிக்கொள்கின்றனர். இளையவர் இருவரும், ஒருத்தியாயினும் பலராயினும் நாம் செய்தது செய்ததுதானே என்கின்றனர். நாடகத்தின் உயிர்நிலை அதுவே.

1954இல் கை ஹமில்டன் இதைப் படமாக்கினார். அலஸ்டெயர் சிம் இன்ஸ்பெக்டராக அற்புதமாக நடித்தார். ஆயின், அப்பெண்ணும் படத்திலே வருகிறாள். ஜேன் வென்ஹம் என்னும் நடிகை, ஒவ்வொருவர் கதையிலும் அதே முகத்தோடு தோன்றுகிறார். அவளது துன்பத்தைக் கண்ணாரக் கண்டு நாம் உருகுகிறோம். அது சினிமாவின் வெற்றி. ஆனால் ஜெரால்ட் தன் வினாவைக் கேட்கும் வேளையில், பார்ப்பவருக்கு அதில் பதைபதைப்பதற்கு ஒன்றுமில்லை. ‘ஒரே பெண்தான், நாங்கள் பார்த்துக்கொண்டுதானே இருந்தோம்!’ என்று கொட்டகை முழுவதும் மனத்துக்குள் சொல்லிக்கொள்கிறது. பேர்லிங் தம்பதியரின் தப்பித்தல் ஆசையை நாடக சபையோர் தாமும் ஒரு கணம் அனுபவிக்கின்றனர். தாமும் குற்றவாளிக் கூண்டில் ஒரு கால் வைக்கின்றனர். படம் பார்ப்பவருக்கு அந்தத் தொல்லை இல்லை. அவர் நீதிபதி ஆசனத்தில் சுகமாக அமர்ந்துவிடுகிறார்.

இந்நாடகம் கல்கத்தாவுக்கும் போயிற்று. அஜித் கங்கோபாத்யாய் இதைத் தழுவி வங்காளத்தில் ‘தானா தேகே ஆஸ்சி’ என்ற நாடகத்தை எழுதினார். ‘பொலிஸ் நிலையத்திலிருந்து வருகிறேன்’ என்பது பொருள். 1965இல் ஹிரேன் நாக் இயக்கத்தில், உத்தம் குமார் இன்ஸ்பெக்டர் தின்கடி ஹால்தாராக நடிக்க, அது திரைப்படமாயிற்று. ஆங்கிலேயச் செல்வர் குடும்பத்தின் கதை கல்கத்தாச் செல்வர் குடும்பத்துக்கு இத்தனை எளிதாகப் பொருந்தியதே ஒரு செய்தியன்றோ? வங்காளிகளுக்கு மர்ம நாடகத்தில் தணியாத மோகம். அகதா கிறிஸ்டியின் ‘மவுஸ்ட்ராப்’ 1952 முதல் லண்டனில் நடந்துவரும் நாடகம். 2020இல் கொள்ளை நோயினால் நின்று 2021இல் மீண்டும் தொடங்கியது. லண்டன் மேடையை விட்டு அது இறங்கி ஆறு மாதம் கழிந்த பின்னரே படமாக்கலாம் என்பது ஒப்பந்தம், அது இறங்குவதாயில்லை! கல்கத்தாவில் பிரேமேந்திர மித்ரா அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. 1960இலேயே அக்கதையைத் தழுவி ‘சுப்பி சுப்பி ஆஷே’ என்று படமெடுத்துவிட்டார்.

தமிழுக்கு வருவோம். மேடையில் வெற்றி கண்டு திரைக்குப் போன தமிழ் நாடகங்கள் ஏராளம். கே. பாலசந்தரின் ‘மேஜர் சந்திரகாந்த்’ 1965இல் ‘ஊஞ்சே லோக்’ என்று இந்தியிலும், 1966இல் தமிழிலும் படமானது; குற்றமும் இரகசியமும் கலந்த கதைதான். எனினும் நாம் பேசும் வகைக்கு மிக நெருங்கியது, மேடையைக் காணாமலே திரைக்கு வந்த ஒன்று. வீணை வித்துவான் எஸ். பாலசந்தர், ஜப்பானியப் படமான ‘ரஷோமோன்’ பார்த்து அதன் கதை சொல்லும் முறையில் மனம் பறிகொடுத்து, அவ்வழியில் ஒரு நாடகம் எழுதி அகில இந்திய வானொலிக்குக் கொடுத்தார். வானொலி அதை ஏற்கவில்லை. ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் அதைப் படமாக்க முன்வந்தார். அதுவே 1954இல் வெளியான ‘அந்த நாள்’. பாட்டில்லை, நடனமில்லை என்று அக்காலத்தில் சிலர் முகஞ்சுளித்த படம். இன்று தமிழ்ப் படங்களுள் தலைசிறந்த சிலவற்றுள் ஒன்றென யாவரும் ஒப்புக்கொள்ளும் படம்.

1943ஆம் ஆண்டு ஒக்டோபரில் சென்னைமீது ஜப்பானியர் குண்டு வீசிய மறுநாள். வானொலிப் பொறியியலாளன் ராஜன் தன் வீட்டில் சுடப்பட்டுக் கிடக்கிறான். அயல்வீட்டுப் பெரியவர், தம்பி, தம்பி மனைவி, ராஜனோடு இரகசியத் தொடர்பு கொண்ட பெண், மனைவி உஷா ஆகியோர் விசாரிக்கப்படுகின்றனர். சிவாஜி கணேசன் ராஜனாகவும் பண்டரிபாய் உஷாவாகவும் நடித்தனர். மேடையாயின் ராஜன் திரையின் பின்னாலேயே இருந்திருப்பான். படத்தில் அவன் வருகிறான். ஒவ்வொருவர் வாக்குமூலத்திலும் வருகிறான். அப்படியானால் நாம் மேலே சொன்ன குறை இதற்கும் உண்டா? இல்லை! அங்கேதான் பாலசந்தரின் கெட்டித்தனம் இருக்கிறது. பெரியவர் சந்தேகிப்பது தம்பியை. தம்பி சந்தேகிப்பது தன் மனைவியையே. அவள் சந்தேகிப்பது அந்தப் பிற பெண்ணை. அப்பெண் சந்தேகிப்பது பெரியவரை. ஒவ்வொருவர் வாயிலாகவும் கொலையை நாம் கண்ணால் காண்கிறோம். காண்பதெல்லாம் நடவாத கொலைகள். முகம் ஒன்றுதான், மனிதன் வேறுவேறு. ‘கண்ணாற் கண்டதும் பொய், காதாற் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்று நம் பாட்டிமார் சொல்லிவந்ததைக் காமிராவைக் கொண்டே காட்டிவிட்டார். இல்லாதவரைத் திரைக்குக் கொண்டுவந்தும் ஐயத்தைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஹமில்டனின் ஆங்கிலப் படமும் இதுவும் ஒரே ஆண்டில் வெளிவந்தவை என்பதை எண்ணுந்தோறும் எமக்கு ஒரு சிறு பெருமிதம் உண்டாவதுண்டு.

நம் கொழும்பிலே நாடகத்துக்கும் படத்துக்கும் நடுவே பாலமாக நின்றது பெரும்பாலும் வானொலியே. இலங்கை வானொலியில் எஸ். ராம்தாசும் குழுவினரும் நடத்திய நகைச்சுவைத் தொடர், 1976இல் ‘கோமாளிகள்’ என்று படமாகி மக்களை மகிழ்வித்தது. அது மர்மக் கதையன்று. ஆயினும், முகமறியாக் குரல்களுக்கு முகம் சூட்டிப் பழகிய நேயர்கள் படத்தைப் பார்த்து, ‘நான் நினைத்த ஆள் இவரல்லவே!’ என்று ஏமாந்ததுமுண்டு, ‘இவரேதான்’ என்று மகிழ்ந்ததுமுண்டு. கொட்டாஞ்சேனையின் ஒட்டிய வீடுகளில் சுவருக்கு அப்பாலிருந்து வரும் குரலைக் கொண்டே அயலார் குணத்தை அளந்து வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெள்ளவத்தை மாடிக் குடியிருப்புகளில் இப்போது சுவர் கனமாகிவிட்டது. அளப்பது மட்டும் குறையவில்லை.

இக்காலத்துச் சிகரெட் பெட்டி எது என்று கேட்டால், கைத்தொலைபேசி எனலாம். 2016இல் இத்தாலியில் பாவ்லோ ஜெனோவேசே எடுத்த ஒரு படத்தில், விருந்துக்கு வந்த நண்பர் எழுவர் தத்தம் தொலைபேசியை மேசை நடுவில் வைத்து, வரும் செய்தி அனைத்தையும் உரக்கப் படிப்பதென விளையாடுகின்றனர். பிறகு கேட்பானேன்! உலகின் பல மொழிகளில் மீண்டும் மீண்டும் எடுக்கப்பட்டு, கின்னஸ் பதிவேட்டிலும் அது இடம்பெற்றுவிட்டது. அது மேடை தந்த கதையன்று. ஆனால் பிரீஸ்ட்லியின் பேரப்பிள்ளை என்று சொல்லத் தடையில்லை. அதில் விளையாட்டு விதி எல்லார்க்கும் ஒன்றே. எழுவரும் தொலைபேசியை வைக்க வேண்டும், எழுவரும் அகப்படுகின்றனர்.

எல்லாக் கூடங்களிலும் விதி அப்படி இருப்பதில்லை. அதை ஒளிவுமறைவின்றிக் காட்டியவர் மராட்டிய நாடகாசிரியர் விஜய் டெண்டுல்கர். ‘சாந்ததா! கோர்ட் சாலூ ஆஹே’ என்ற அவரது நாடகம், அரவிந்த் தேஷ்பாண்டே நெறியாள்கையில் 1967இல் பம்பாயில் மேடையேறியது. ‘அமைதி! நீதிமன்றம் நடைபெறுகிறது’ என்று பொருள். 1971இல் சத்யதேவ் துபே இதைப் படமாக்கினார். கிரீஷ் கர்னாட் திரைக்கதை எழுத, கோவிந்த் நிஹலானி ஒளிப்பதிவு செய்தார். மேடையில் நாயகியாக நடித்த சுலபா தேஷ்பாண்டேயே திரையிலும் நடித்தார்.

கதை எளியது. பம்பாயிலிருந்து ஓர் அமெச்சூர் நாடகக் குழு சிற்றூரொன்றுக்கு வருகிறது. அமெரிக்க ஜனாதிபதி ஜோன்சனை அணுவாயுதக் குற்றத்துக்காக விசாரிக்கும் போலி நீதிமன்றம் அன்றிரவு நடிக்கப்படவிருக்கிறது. நிகழ்ச்சிக்கு இன்னும் நேரமுண்டு. பொழுது போக வேண்டுமே! ஊர்க்காரன் சாமந்த் இதற்குமுன் நீதிமன்றத்தைக் கண்டதில்லை. அவனுக்குக் காட்டுவதற்காக ஒரு விளையாட்டு வழக்கு நடத்துவோம் என்று தீர்மானிக்கிறார்கள். குற்றவாளியாகப் பள்ளி ஆசிரியை லீலா பெனாரே தெரிந்தெடுக்கப்படுகிறாள். குற்றச்சாட்டு: சிசுக்கொலை.

இந்தப் பெண்ணைத் தெரிந்தெடுத்தது தற்செயலன்று. ஆரம்பத்திலேயே அவள் சிரித்துச் சிரித்துச் சாமந்திடம் குழுவினர் ஒவ்வொருவரையும் பற்றிச் சொல்லியிருக்கிறாள்: வழக்கே கிடையாத வழக்கறிஞர் சுகாத்மே, பரீட்சையில் தவறிய விஞ்ஞானி பொங்க்ஷே, பிள்ளையில்லாத காஷிகர் தம்பதியர் என்று. எல்லாருடைய புண்ணும் ஏற்கனவே அவளுக்குத் தெரியும். அந்தப் புண்களே சேர்ந்து இப்போது நீதிமன்றமாக அமர்கின்றன. சாட்சிகள் முதலில் வேடிக்கையாகவே பேசுகின்றனர். வேடிக்கையின் நடுவே ஓர் உண்மை நழுவி விழுகிறது, பிறகு இன்னொன்று. உண்மை ஏதுமறியாத சாமந்த், சாட்சி சொல்ல ஏதுமின்றிக் கையிலிருந்த மலிவு நாவலொன்றைப் பார்த்து வாசிக்கிறான். அந்தக் கட்டுக்கதை அவளது வாழ்க்கையோடு வரிக்கு வரி பொருந்திவிடுகிறது! மர்ம நாடகத் திருப்பங்களில் இதற்கு நிகரானதை நாம் அதிகம் கண்டதில்லை.

மணமாகாத பெனாரே கருவுற்றிருக்கிறாள். காரணமானவர் பேராசிரியர் தாம்லே. மனைவி மக்களுடைய குடும்பஸ்தர். அவரும் இக்குழுவின் உறுப்பினரே. அன்றைக்கு அவர் வரவில்லை. (பேராசிரியர் என்றதும் எம்மைப் போன்றவர்க்குக் காது சிறிது சுடத்தான் செய்கிறது. டெண்டுல்கர் வேறு தொழில் எதையும் அவருக்குக் கொடுத்திருக்கலாம், கொடாதது நியாயமே.) வழக்கமாக இக்குழுவின் போலி நீதிமன்றத்தில் தாம்லே ஏற்கும் பாத்திரம் எது தெரியுமா? பிரதிவாதி தரப்பு வழக்கறிஞர்! அவர் வராமையால், வழக்குத் தொடுக்கும் சுகாத்மேயே இடம் மாறி அமர்ந்து அவளுக்காகவும் வாதாடுகிறார். ஒரே வாய் குற்றஞ்சாட்டி, ஒரே வாய் இரக்கம் கேட்கிறது.

பிரீஸ்ட்லியின் இரண்டு நாடகங்களிலும் மேடைக்கு வராதவர் இறந்தவர், துன்பப்பட்டவர். இருப்பவர்கள் இல்லாதவரின் பொருட்டுத் தம்மைத் தாமே கிழித்துக்கொள்கின்றனர். டெண்டுல்கரிடம் அது தலைகீழாகிவிட்டது. துன்பப்படுபவள் கூடத்தின் நடுவே நிற்கிறாள். குற்றத்தில் சரிபாதிப் பங்காளியே மேடைக்கு வரவில்லை. வராமையே அவருக்குக் கவசம். அங்குள்ள ஒருவருக்காவது, ‘தாம்லேயைக் கூண்டில் ஏற்றுவோம்’ என்று தோன்றவில்லை. அவரது பெயர் அடிபடும்போதுகூட மதிப்புக்குரியவரின் பெயராகவே அடிபடுகிறது. சுகாத்மேயின் தோல்வி, பொங்க்ஷேயின் தோல்வி, காஷிகர் தம்பதியரின் ஏக்கம் ஆகியவற்றை அவள் சிரித்துக்கொண்டு சொன்னபோது அவை வெறும் வம்பாகக் காற்றில் போயின. அவளது இரகசியமோ தீர்ப்பாகிறது. வேலையும் போகிறது, கருவை அழிக்க வேண்டுமென்றும் போலி நீதிபதி காஷிகர் உத்தரவிடுகிறார்.

நம் நகரத்துக் கூடங்களை அறிந்த எவருக்கும் இந்த ஏற்பாடு அந்நியமாகத் தோன்றாது. கலியாண வீட்டிலும், மாதாந்த நண்பர் கூட்டத்திலும், ‘சும்மா ஒரு பகிடிக்கு’ என்று தொடங்கும் பேச்சு எவரை நோக்கித் திரும்புகிறதென்று கவனித்தால் போதும். அநேகமாக அது தனித்திருக்கும் பெண்ணை நோக்கியே திரும்பும். வெளிநாட்டிலிருக்கும் ஆண்பிள்ளையை நோக்கித் திரும்பாது. மாணவிகள் பலர் இந்நாடகத்தை வாசித்துவிட்டு, கதை மராட்டியத்தில் நடப்பதையே மறந்து பேசுவதை நாம் வகுப்பில் கண்டிருக்கிறோம்.

தீர்ப்புக்கு முன் பெனாரேக்குப் பேசப் பத்து விநாடி கொடுக்கப்படுகிறது. மேடையில் மற்றவரெல்லாம் சிலையாய் நின்றுவிட, அவள் நீண்ட நேரம் பேசுகிறாள். சபையோர் மட்டுமே அதைக் கேட்கின்றனர். குழுவினருக்கு அவள் வாயே திறக்கவில்லை. பத்து விநாடி முடிகிறது. இதை நடிக்க விரும்பும் மாணவர்க்கு ஒரு வார்த்தை: அப்பேச்சைக் கண்ணீராக்கிவிடாதீர்கள். அவள் முதலில் ஓர் ஆசிரியை. வகுப்பறையில் நிற்பவள் போலவே நின்று பேசட்டும். மேடைச் செலவுக்கும் அஞ்ச வேண்டாம். ஓர் அறை, சில நாற்காலிகள், ஒரு கதவு, ஒரு பச்சைத் துணிக்கிளி. இவ்வளவே தேவை.

கதவு தட்டப்படுகிறது. ஊர்மக்கள் வந்துவிட்டனர், நிகழ்ச்சி எப்போது தொடங்கும் என்று கேட்கின்றனர். உடனே குழுவினர் பழைய நண்பர்களாகி, வேடங்களைத் தேடுகின்றனர். இதெல்லாம் விளையாட்டுத்தானே, எழுந்திரு என்று அவளைத் தேற்றிவிட்டு உள்ளே போகின்றனர். அவள் அசையவில்லை. சாமந்த் மட்டும் சற்றுப் பின்தங்குகிறான். தன் வீட்டுப் பிள்ளைக்கென வாங்கி வைத்திருந்த அந்தத் துணிக்கிளியை ஓசைப்படாமல் அவளருகே வைத்துவிட்டு, அவனும் போய்விடுகிறான்.